ஏழாம் கேள்விக்கு விடை

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு என் கைப்பேசித் திரையில் முதலில் கண்ணில் பட்டது வெண்பனி. 'வெண்பனி கொட்டிய இரவில் ஜோன் தன் நண்பனுக்குத் துணையாக நின்றான்' என்று பொருள்படும் ஓர் ஆங்கில வாக்கியம். அதற்குக் கீழே அதே அச்சில் வார்த்தது போல இன்னும் பல. எல்லாவற்றிலும் ஜோன், அல்லது மேரி, அல்லது களைத்துப்போன ஒரு விவசாயி. சிம்பாங் பூலாயில் அந்த நேரத்துக்கே வெயில் ஏறிவிட்டது. கல்லுடைக்கும் மலையிலிருந்து வரும் லாரிகள் என் வீட்டு வேலியில் வெள்ளைத் தூசைப் படியவிட்டுப் போய்க்கொண்டிருந்தன.

அனுப்பியவர் கவிதா. ஈப்போவில் நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கிறவர். பள்ளி மாணவர்களுக்கான ஆங்கிலச் சொற்பயிற்சிப் பக்கத்தைத் தயாரிக்கிறார். பக்கம் இப்போது காகிதத்தில் வருவதில்லை, கைப்பேசியில்தான் வருகிறது.

"அக்கா, ஒரு நிமிசத்துல ஏஐ எழுதிக் குடுத்துடுச்சு. ஓகேவா பாருங்க லா."

"ஜோன் யாரு?" என்று கேட்டேன்.

"யாரும் இல்லக்கா. சும்மா ஒரு பேரு."

"பனி எங்க கொட்டுச்சு?"

"அக்கா... எக்ஸாம்பிள்தானே."

இந்த 'எக்ஸாம்பிள்தானே' என்ற பதில் எனக்கு வேலைக்காலம் முழுவதும் எரிச்சல் மூட்டியது. ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. அப்படியானால் நீங்கள் எப்படித்தான் செய்தீர்கள் என்று கவிதா கேட்டார். கைப்பேசியில் தட்டி முடிக்கிற விஷயமாக அது இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் சுங்காய்ப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுத்தார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, பட்டணத்து இடைநிலைப்பள்ளி, பிறகு ஓர் ஆங்கில நாளிதழின் ஈப்போ கிளையில் மெய்ப்புத் திருத்தும் வேலை. அதற்குப் பிறகு நீதிமன்றம், நகராண்மைக் கழகம், சாலை விபத்து என்று செய்தி சேகரிக்கப் போனேன். இதில் மற்ற நிருபர்களுக்கு நேராத எதுவும் எனக்கு நேரவில்லை. பின்னர் ஒரு நாள் என்னைப் பள்ளிப் பக்கத்துக்கு மாற்றினார்கள். அதைத் தண்டனை என்று நினைத்தேன். அங்கே பக்கப் பொறுப்பாசிரியராகத் திரு. சிவபாதம் இருந்தார். நினைத்தது உறுதியாயிற்று.

சிவபாதம் யாழ்ப்பாண வம்சாவளி. குடும்பத்தில் எல்லோரும் அரசாங்க உத்தியோகம், இவர் மட்டும் பத்திரிகைக்கு வந்துவிட்டார். எப்போதும் முழுக்கைச் சட்டை. பக்கத்தைப் படிக்கும்போது தாள் பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவார். நாங்கள் வியர்த்துக்கொண்டு நிற்போம். ஒவ்வொரு வாக்கியத்தையும் நீதிமன்றத்தில் தீர்ப்பு வாசிப்பது போல் உரக்க வாசிப்பார். தவறு என்று ஒருபோதும் சொன்னதில்லை. கேள்விதான் கேட்பார். அந்தக் கேள்விகளுக்குப் பயந்து இரண்டு பேர் வேலையை விட்டுப் போனதாக அலுவலகத்தில் பேச்சு உண்டு. எனக்கு அதில் சந்தேகம் வந்ததே இல்லை.

பக்கம் வெள்ளிக்கிழமைதோறும் வரும். ஆங்கிலச் சொற்கள், மரபுத்தொடர்கள், அவற்றில் பன்னிரண்டு பயிற்சிக் கேள்விகள். விடைகள் அடுத்த வெள்ளிக்கிழமை. பேராக் மாநிலத்தில் பல பள்ளிகள் அந்தப் பக்கத்தை வகுப்புக்கென்று வாங்கின. பிள்ளைகள் வெட்டி ஏட்டில் ஒட்டி விடை எழுதுவார்கள், ஆசிரியர் மறுவாரம் பத்திரிகையைப் பார்த்துத் திருத்துவார்.

சிவபாதத்தின் விதி ஒன்றே ஒன்று. நடக்காத எதையும் உதாரண வாக்கியமாகப் போடக்கூடாது. காரணம் கேட்டால் சொல்லமாட்டார்.

முதல் வாரம் நான் 'கால் இட் அ டே' என்ற தொடருக்கு வாக்கியம் எழுதினேன். இன்றைக்கு இது போதும் என்று வேலையை முடித்துக்கொள்வதைச் சொல்லும் தொடர் அது. நானும் களைத்துப்போன ஒரு விவசாயியைத்தான் போட்டிருந்தேன்.

"எந்த விவசாயி, பிள்ளை?"

"சும்மா ஒரு விவசாயி சார்."

"ஊர்?"

தாளை என் பக்கம் தள்ளிவிட்டார். எரிச்சலோடு தெருவில் இறங்கினேன். பழைய பட்டணத்தில் ஒரு கோப்பிக் கடை முன்னால் கால்வாய் தோண்டிக்கொண்டிருந்தவர்கள் மழை பிடித்ததும் மண்வெட்டியைக் கழுவி வண்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து அதை எழுதினேன்.

"ஆர் பாத்தது?"

"நான் பாத்தேன் சார்."

"எத்தினை பேர்?"

"நாலு."

"அப்ப நாலெண்டு போடும்."

வாக்கியம் இத்தோடு தப்பித்துவிடாது. அச்சுக்குப் போகும் முன் அலுவலகத்தில் மூன்று பேரிடம் அதைச் சொல்லிக் காட்ட வேண்டும்: தேநீர் போடுகிற அக்கா, பக்கம் வடிவமைக்கும் சீனப் பெண், விநியோக லாரி ஓட்டுகிற அண்ணன். அவர்கள் அதே தொடரை வைத்துத் தங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் என் வாக்கியம் விளங்கவில்லை என்று அர்த்தம், மறுபடியும் தெருவுக்குப் போக வேண்டும். கண்டும் காணாமல் விடுவதைச் சொல்லும் தொடரை லாரி அண்ணனிடம் சொன்னபோது அவர் உடனே ஒரு சம்பவம் வைத்திருந்தார்.

"நேத்து மார்க்கெட் பக்கம் ரோட்ட மறிச்சி லாரிய போட்டேன் மிஸ். போலீஸ்காரரு கண்டும் காணாம போயிட்டாரு. ஆனா இத பேப்பர்ல போட்றாதீங்க. அப்புறம் நல்லா காணுவாரு."

இத்தனை பாடுபட்டும் ஆசிரியர்களுக்கு எங்கள் பக்கம் பிடிக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது பெரிய பெரிய சொற்கள். 'பொம்பாஸ்டிக் வேர்ட்ஸ்' என்று அதற்கு ஒரு பெயரே வைத்திருந்தார்கள். கட்டுரைக்கு மூன்று பெரிய சொல், இரண்டு மரபுத்தொடர் என்று டியூஷன் வகுப்புகளில் கணக்கு உண்டு. பிள்ளைகளும் உருப்போட்டுக்கொண்டு போய்ப் பரீட்சையில் கொட்டுவார்கள். ஈப்போவிலிருந்து ஓர் ஆசிரியை மாதம் தவறாமல் தொலைபேசியில் அழைப்பார்.

"மிஸ், இந்த ரோட்டுல குழி, கால்வாய்ல குப்பை, இதெல்லாம் எதுக்கு மிஸ்? கொஞ்சம் கிராண்டா போடுங்களேன். பேரண்ட்ஸ் கேக்குறாங்க."

இதைச் சிவபாதத்திடம் சொன்னேன். தலை நிமிராமல், "குழி பெரிசுதானே. சொல் என்னத்துக்குப் பெரிசு?" என்றார்.

நான் சொல்ல வந்த விஷயம் இப்படிப்பட்ட ஒரு வாரத்தில்தான் தொடங்கியது. அந்த வாரத்துக்கு 'வேர்ட்' என்ற சொல் வரும் தொடர்களை எடுத்திருந்தோம். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது, மீறுவது, பரப்புவது என்று ஆங்கிலத்தில் அதற்கு ஒரு குடும்பமே இருக்கிறது. சொல் மீறிய சம்பவம் ஒன்று எனக்கு வேண்டும். உண்மையாக இருக்க வேண்டும், யாராவது பார்த்திருக்க வேண்டும்.

புதன்கிழமை செய்திப் பிரிவு வாசலில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். தொழிற்சாலைச் சீருடை, மடியில் ஒரு நெகிழிப் பை. நான் காலையில் போனபோது பார்த்தேன். சாப்பிட்டுவிட்டு வந்தபோதும் அங்கேயே இருந்தார்.

"யார பாக்கணும் அக்கா?"

"யாரையோ பாக்கணும்னு வந்தேன். இப்ப எந்த முகமா இருந்தாலும் சரி. வந்ததுலேருந்து துங்கு துங்குன்னு சொல்லியே காக்க வைக்கிறாங்க. நான் என்ன பஸ்ஸுக்கா துங்குறேன்?"

பெயர் பாக்கியம். கோப்பெங்கைத் தாண்டி உள்ளே இருக்கிற ஒரு பழைய ரப்பர் தோட்டத்தைச் சேர்ந்தவர். தோட்டத்தை வீட்டு மேம்பாட்டு நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது. மரங்கள் போய்விட்டன. பால்மரம் வெட்டியவர்களின் குடும்பங்கள் மட்டும் பழைய லயத்து வீடுகளில் இருந்தன, பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டு. வாங்கிய புதிதில் நிறுவனத்தார் தோட்டத்துக்கு வந்து, பழைய பால் நிறுக்கும் கொட்டகையில் மேசை போட்டு, மைக் வைத்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்று வருடத்தில் ஒரு தரைவீடு என்று சொன்னார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். மூன்று வருடம் முடிந்து, தீபாவளி கழிந்ததும் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. வீடு வரவில்லை.

"உள்ள என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"இந்த செய்திய ஏற்கெனவே ஒரு தடவ போட்டாச்சாம். புதுசா ஏதும் இருந்தா கொண்டாங்கன்னு சொல்றாரு. வீட்ட கட்டுனாத்தானே தங்கச்சி புதுசு வரும்?"

அன்று மாலையே அவரோடு போனேன். வீடுகள் கட்டுவதாகச் சொன்ன இடத்தில் சிமெண்டுத் தூண்கள் நின்றன. தூண்களில் கொடி படர்ந்து, சிலவற்றில் மேலேயும் ஏறிவிட்டது. பக்கத்தில் நிறுவனத்தின் விளம்பரப் பலகை மட்டும் புதிதாக இருந்தது. கொட்டகைக்கும் போனேன். வாக்குக் கொடுத்த நாளில் அங்கே இருந்தவர்களில் சிலரைத் தனித்தனியாகக் கேட்டேன். எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். நிறுவன அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, மூன்று வருடம் என்று சொன்னது உண்மையா என்று கேட்டேன். ஆமாம், ஆனால் நிலைமை மாறிவிட்டது என்றார்கள்.

செய்தியாக வராதது அந்த வெள்ளிக்கிழமை பயிற்சியாக வந்தது. ஏழாம் கேள்வி. 'தோட்டத்தை வாங்கிய நிறுவனம், அங்கிருந்த குடும்பங்களுக்கு மூன்றாண்டுகளில் வீடு தருவதாகச் சொன்னது. மூன்றாண்டுகள் கழித்து அந்த நிறுவனம் ______.' கோடிட்ட இடத்துக்கு நான்கு தொடர்கள். ஏ, சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. பி, சொன்ன சொல்லை மீறியது. சி, கூப்பிட்டுப் பேசியது. டி, செய்தியைப் பரப்பியது. பெயர் இல்லை, ஊர் இல்லை.

சிவபாதம் வாசித்தார். "ஆர் பாத்தது?" என்றார். சொன்னேன். மின்விசிறியைப் போட்டார். அனுமதி என்று அதற்கு அர்த்தம்.

திங்கட்கிழமை நிறுவனத்திலிருந்து ஆள் வந்தார். தினகரன், மக்கள் தொடர்பு அதிகாரி. நம்மவர்தான். மடிப்புக் கலையாத சட்டை, இரண்டு கைப்பேசிகள். எங்கள் பக்கத்தை நான்காக மடித்துக் கொண்டுவந்திருந்தார். நான் பக்கத்து மேசையில் இருந்தேன்.

"சார், இது எங்க கம்பெனி."

"பெயர் எங்க கிடக்கு?"

"பேரு இல்ல. ஆனா எல்லாருக்கும் தெரியும் சார்."

"எல்லாருக்கும் தெரியுமெண்டா விடையும் தெரியுந்தானே."

தினகரன் உட்கார்ந்தார். நிறுவனத்தின் நற்பெயர், வழக்கறிஞர், பத்திரிகைத் தலைமையோடு உள்ள பழக்கம் எல்லாவற்றையும் மரியாதையாக எடுத்துச் சொன்னார். சிவபாதம் கடைசி வரை கேட்டார். பிறகு பக்கத்தை விரித்து அவர் முன்னால் வைத்து, ஒரு பென்சிலையும் வைத்தார்.

"நாலு விடை குடுத்திருக்கிறம். எது சரியெண்டு நீங்களே சொல்லுங்கோ. வெள்ளிக்கிழமை விடைப்பகுதியில அப்பிடியே போடுறன்."

தினகரன் நீண்ட நேரம் அந்த நான்கு வரிகளைப் பார்த்தார். நன்றாகப் படித்தவர். பள்ளியில் இந்த மாதிரிக் கேள்விகளுக்கு யோசிக்காமலே விடை எழுதியிருப்பார்.

"டி போடலாமா சார்? விளம்பரம் பண்ணோமே."

"இலக்கணம் இடம் குடுக்காது."

"நான் மேல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று எழுந்தார். பென்சிலைத் தொடவே இல்லை.

மேலே கேட்டார்கள் போல. மறுநாள் கோலாலம்பூர்த் தலைமையகத்திலிருந்து சிவபாதத்துக்குத் தொலைபேசி வந்தது. ஏழாம் கேள்விக்கு விடை 'ஏ' என்று போட வேண்டும், வியாழக்கிழமை நிறுவனம் வீட்டுச் சாவி ஒப்படைக்கும் விழா நடத்துகிறது, ஆகவே சொன்ன சொல்லைக் காப்பாற்றியதாக ஆகிவிடும். சிவபாதம் என்னைப் பார்த்தார். "போய்ப் பாத்திட்டு வாரும்" என்றார்.

போனேன். தூண்களுக்கு எதிரே பெரிய கூடாரம். நாற்காலிகளுக்கு வெள்ளை உறை, வாடகைக்கு எடுத்த குளிர்விசிறிகள், ஒரு பக்கம் பிரியாணி. லயத்துச் சனம் முழுவதும் நல்ல உடையில் வந்திருந்தது. மூன்று வருடம் ஏமாற்றியவர்களின் விழாவுக்கு இவ்வளவு பேர் முகம் கழுவிப் பூ வைத்துக்கொண்டு வந்தது எனக்குக் கோபத்தையே வரவழைத்தது. ஒய்.பி., அதாவது தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர், பேசினார். நிறுவனத் தலைவர் பேசினார். பிறகு பெயர் கூப்பிட்டார்கள். பாக்கியம் அக்கா மேடை ஏறினார். அவர் கையில் ஒரு சாவி கொடுத்தார்கள். ஒட்டுப்பலகையில் அறுத்துத் தங்க நிறம் பூசியது, ஒரு கை நீளம். நம் நாட்டில் எந்த ஒப்படைப்பு விழாவிலும் இப்படி ஒன்று இருக்கும், படத்துக்காக. காசோலை என்றால் கதவளவு அட்டையில் எழுதிக் கொடுப்பார்கள். ஒய்.பி. ஒரு முனையைப் பிடித்தார், பாக்கியம் அக்கா மறுமுனையை. படம் எடுத்தார்கள்.

கீழே இறங்கியதும் என்னிடம் வந்தார்.

"இத எங்க சொருவுறது தங்கச்சி? தூண்லயா?"

"அப்புறம் ஏன் அக்கா மேல ஏறுனீங்க?"

"வராதவங்க பேர எடுத்துருவோம்னு வீடு வீடா வந்து சொல்லிட்டுப் போனாங்க. நீ வந்து எனக்கு வீடு குடுப்பியா?"

அருகில் நின்ற அவர் தம்பி, "பிரியாணி மட்டும் ஒரிஜினல் மிஸ். சாப்பிட்டுப் போங்க" என்றான்.

அந்தச் சமயம் நிறுவனத்துப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். "அக்கா, மன்னிச்சிக்கோங்க, அந்தச் சாவிய குடுங்க. சனிக்கிழம சுங்காய்ல ஒரு ஃபங்ஷன் இருக்கு, அங்க வேணும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பாக்கியம் அக்கா தன் கையைப் பார்த்தார். தங்கச் சாயம் விரல்களில் ஒட்டியிருந்தது.

பக்கம் முடிகிற நேரத்துக்கு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தேன். சிவபாதம் மின்விசிறியை நிறுத்தி வைத்திருந்தார்.

"சாவி குடுத்தவையோ?"

"குடுத்தாங்க சார். திருப்பி வாங்கிட்டாங்க."

"எதைத் திறந்தது?"

"ஒண்ணையும் திறக்கல. கதவே இல்ல."

விடைப்பகுதியை எடுத்து ஏழாம் எண்ணுக்கு நேரே தம் கையால் ஒரு வரி எழுதினார். 'விடை, வீடுகளின் கதவுகள் திறந்த பிறகு.' தலைமையகத்தை அவரே அழைத்தார். "எனக்கு விடை தெரியாது. தெரியாததை நான் அச்சடிக்க ஏலாது" என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அந்த வரி அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமையும், அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தது. புதுக் கேள்விகளின் விடைகளுக்குக் கீழே, பழைய ஏழாம் கேள்வி தனியாக நின்றது.

பிறகு நடந்தது நாங்கள் யாரும் எதிர்பார்க்காதது. ஆசிரியர்கள் அழைக்கத் தொடங்கினார்கள். தோட்டத்து மக்களுக்காக அல்ல, மதிப்பெண்ணுக்காக. பதினொன்றுக்குப் போடுவதா, பன்னிரண்டுக்குப் போடுவதா? விழுக்காடு எப்படிப் போடுவது? வகுப்பில் முதலாவது வந்த பிள்ளையின் அப்பா கேட்கிறார், இரண்டாவது வந்த பிள்ளை 'ஏ' என்று எழுதியிருக்கிறது, அது சரியாகிவிட்டால் என்ன ஆகும்? லயத்து வீடுகளைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. எனக்குத் தலை வெடித்தது. சிவபாதம் மட்டும் ஒவ்வோர் அழைப்பையும் பொறுமையாக எடுத்தார்.

"எனக்குத் தெரியாது, டீச்சர். கம்பெனியைத்தான் கேக்கோணும்."

"எந்தக் கம்பெனி சார்?"

"அதைச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. கோப்பெங் பக்கம் விசாரிச்சா தெரியும்."

ஆசிரியர்கள் விசாரித்தார்கள். மதிப்பெண் விஷயத்தில் நம் ஆசிரியர்களை யாரும் தடுத்து நிறுத்த முடியாது. பெரிய சொல் கேட்டு மாதந்தோறும் என்னைப் பாடாய்ப் படுத்திய ஆசிரியை நிறுவனத்தின் வரவேற்பறைக்கே நேரில் போய், விடை என்ன என்று கேட்டிருக்கிறார். தினகரன் என்னை அழைத்துப் புலம்பினார்.

"மிஸ், நாளெல்லாம் போன். எல்லாரும் ஏயா பியான்னு கேக்குறாங்க. என் மகனோட டீச்சரும் கேக்குறாங்க மிஸ்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"லைன்ல இருங்கன்னு சொல்லிட்டு வச்சிட்டேன்."

தீபாவளிக்குப் பிறகு காலி செய்ய வேண்டும் என்ற நோட்டீஸை நிறுவனம் தள்ளிப்போட்டது. தூண்களில் கொடியை வெட்டினார்கள். சிவபாதத்தைத் தலைமையகம் ஓய்வுக்கு முந்தைய விடுப்பில் போகச் சொன்னது. அவர் மேசை இழுப்பறையைத் துடைத்துவிட்டு, எனக்கு எந்த அறிவுரையும் சொல்லாமல் போய்விட்டார்.

பக்கம் என்னிடம் வந்தது. தலைமையகத்தின் முதல் உத்தரவும் கூடவே தொலைபேசியில் வந்தது. ஏழாம் கேள்வி வரியை எடுத்துவிட வேண்டும்.

"எடுத்தா டீச்சருங்க கேப்பாங்க. விடை போட்டாத்தான் எடுக்க முடியும். எது போடட்டும்? ஏயா, பியா?" என்று கேட்டேன்.

"ஏ போடுங்க."

"சரி. உங்க பேர் போட்டு ஒரு இமெயில் அனுப்புங்க. அப்படியே போட்டுடுறேன்."

மின்னஞ்சல் வரவில்லை. அடுத்த வாரம் வேறொருவர் அழைத்தார். அவரிடமும் அதையே கேட்டேன். அவரும் அனுப்பவில்லை. எல்லோருக்கும் 'ஏ' வேண்டும், அதன் கீழே தங்கள் பெயர் வேண்டாம். வரி வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் கோப்பெங்குக்குப் பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்து அந்த வரியை விட்டேன். கூரை ஏறியது. சுவர் வந்தது. ஜன்னல் சட்டங்கள் வந்தன. போகிற வாரமெல்லாம் நிறுவனத்திலிருந்து யாராவது ஒருவர் பாக்கியம் அக்காவிடம் இனி எந்தப் பத்திரிகைக்காரியையும் சேர்க்காதே என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். அவரும் என்னிடம் அதைச் சொல்லிவிட்டு, உட்காரச் சொல்லி மைலோ கலக்கித் தருவார்.

அடுத்த ஆண்டு நடுவில் வீடுகள் முடிந்தன. இந்த முறை விழா இல்லை. அலுவலகத்துக்கு வரச் சொல்லி, கையெழுத்து வாங்கி, இரும்புச் சாவி கொடுத்தார்கள். நான் போனபோது பாக்கியம் அக்கா முன்கதவைத் திறந்து மூடித் திறந்து காட்டினார். குழாயைத் திருகினேன். காற்று மட்டும் வந்தது.

"தண்ணி கனெக்சன் இன்னும் குடுக்கல. அடுத்த மாசமாம். அது வரைக்கும் லயத்துலதான்."

"அக்கா, நாளைக்கு விடை போடணும்."

"என்ன போடப் போற?"

"கேள்வியில மூணு வருசம் கழிச்சின்னு இருக்கு. மூணு வருசத்துல குடுக்கல. அப்ப பி."

அவர் வாசல் படியில் உட்கார்ந்தார்.

"காப்பாத்துனாங்கன்னு போட்டேன்னா உன் மூஞ்சிலயே முழிக்கமாட்டேன். ஆனா மீறிட்டாங்கன்னும் இப்ப போடாத தங்கச்சி. தண்ணிக்கு அவங்க வாசல்லதான போய் நிக்கணும்? நீ அச்சடிச்சிட்டு ஈப்போக்கு போயிருவ. நான்தான் குடத்தோட நிப்பேன்."

சிவபாதத்தின் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். அவர் மின்விசிறியை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"நாங்கள் என்ன எழுதினனாங்கள்? கதவு திறந்த பிறகு எண்டுதானே?"

"ஆமா சார்."

"ஆக்கள் குடியிருக்க ஏலாத வீட்டின்ர கதவு திறந்ததெண்டு ஆர் சொன்னது?"

அந்த வெள்ளிக்கிழமையும் பழைய வரியையே விட்டேன். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் விட்டேன். ஓர் ஆசிரியர், வருடமே மாறிவிட்டது மிஸ், பிள்ளைகள் அடுத்த வகுப்புக்கே போய்விட்டார்கள் என்று கத்தினார். நானும் பதிலுக்குக் கத்தினேன். அலுவலகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏழாம் கேள்வியால் நான் வாங்கிய பேச்சு, நீதிமன்றத்திலும் விபத்து இடங்களிலும் வாங்கியதைவிட அதிகம்.

ஒரு புதன்கிழமை காலையில் பாக்கியம் அக்கா அழைத்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. கைப்பேசியைக் குழாயடியில் பிடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வாளியில் விழும் சத்தம் கேட்டது.

"எல்லா வீட்டுலயும் வருதா அக்கா?"

"எல்லா வீட்டுலயும். கடைசி வீடு வரைக்கும் நானே போயி திருகிப் பாத்தேன். இப்ப போடு."

வியாழக்கிழமை நானும் போய்ப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை விடைப்பகுதியில் 'ஏழு: பி' என்று வந்தது. அன்று யாரும் அழைக்கவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் லயத்துக் குடும்பங்கள் புது வீடுகளுக்குச் சாமான்களை ஏற்றின. திங்கட்கிழமை காலை லயத்து வீடுகளை இடித்தார்கள்.